சத்தம் போடாத வால்வு

வால்வைப் பார்க்காமல் பைக் இன்ஜினை சிங்க் செய்ய உட்காருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் இருந்த காலத்தில் அப்படி உட்கார்ந்தவர்கள் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கியிருக்கிறேன். இப்போது மணிக்கட்டு தேய்ந்து வீட்டோடு இருக்கிறேன், பிடுங்க வழியில்லை, எழுதத்தான் முடியும். சான் ஹோசே கடையில் நான் நின்ற, பைக்கை ஏற்றி நிறுத்தும் அதே லிஃப்டுக்கு முன்னால் இப்போது நீங்கள் இரண்டு பேர் நிற்கிறீர்கள். இரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள் என்றதும் சந்தோஷமாக இருந்தது. "சிங்க் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டீர்கள். எப்படிச் செய்வது என்பதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு வண்டியையும் அதைக் கொண்டுவந்த ஒரு பையனையும் பற்றி. நல்லபடியாக முடிகிற கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு வரி. நாலு சிலிண்டர் பைக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விட ஒரு திராட்டில் பாடி. நாலும் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இழுத்தால், சிக்னலில் நிற்கும்போது வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். காற்று இழுப்பைக் காட்டும் நாலு கேஜை மாட்டி, பக்கத்திலிருக்கும் சின்னத் திருகுகளை இம்மியளவு திருப்பி, நாலு முள்ளையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் சிங்க். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு சிலிண்டரில் வால்வு கெட்டிருந்தாலும் திருகைத் திருப்பி முள்ளை நேராக்கிவிடலாம். வண்டி வெண்ணெயாக ஓடும், நோய் உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று. வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இம்மியளவு இடைவெளி இருக்க வேண்டும். அது கூடிப்போன வால்வு டிக் டிக்கென்று கத்தும். கத்தட்டும், அது பிழைத்துக்கொள்ளும். இடைவெளி இறுகிப்போன வால்வு கத்தவே கத்தாது. முன்னைவிட அமைதியாகத்தான் ஓடும். ஒருநாள் திறந்து பார்த்தால் விளிம்பு கருகியிருக்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த முதலாளி முதல் நாளே சொன்னது இது. நான் அதை இன்ஜினுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் பெயர் பிரபு. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். குபெர்டினோவில் வேலை. செவ்வாயோ புதனோ, ஒரு வேலை நாளில் காலையிலேயே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் பட்டை, முதுகில் லேப்டாப் பை, கையில் டிபன் பை.

"ஆன்ட்டி, ஐடில்ல நிக்கறப்ப வண்டி ரொம்ப ஷேக் ஆகுது."

"ஆன்ட்டின்னு கூப்பிட்டா ரெண்டு மடங்கு சார்ஜ் பண்ணுவேன் கண்ணு."

"சாரிக்கா" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு. "இங்கயே வெயிட் பண்ணலாமாக்கா? வைஃபை இருக்கா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு பழைய நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். நான் வால்வைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சிங்க் செய்தேன். செய்து முடித்ததும், திருப்பிய ஒவ்வொரு திருகின் தலையிலும் மெரூன் நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்தேன். மற்றவர்கள் இதற்குப் பெயிண்ட் பேனா வைத்திருப்பார்கள். நான் விரலில் போட்டாலும் கிரீஸில் போய்விடும் என்பதால் என் பாட்டில் எல்லாம் திருகுகளுக்குத்தான் செலவானது. கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி தயார் என்று சொன்ன பிறகும் பிரபு எழுந்திருக்கவில்லை. மதியம் அங்கேயே டிபனைப் பிரித்தான். தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும் கடை முழுக்க மணத்தது. ஆபீஸ் விடுகிற நேரத்துக்குத்தான் கிளம்பினான்.

அடுத்த வாரம் திரும்பி வந்தான். அதே நடுக்கம்.

ஒரு வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் கடையில் அதற்குப் பெயர் கம்பேக். கூலி கிடையாது, மானமும் கிடையாது. கேஜை மாட்டினால் இரண்டு முள் தாறுமாறாக நின்றன. பாலிஷ் கோடு உடைந்திருந்தது. பெட்ரோல் ஆவியில் உரிந்திருக்கும், திருகு தளர்ந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். ரப்பர் குழாய்களை மாற்றினேன். காற்று எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். ஒன்றும் இல்லை. மறுபடி சிங்க், மறுபடி கோடு.

மூன்றாம் முறை அவன் உள்ளே நுழைந்தபோது முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பெட்ரோல் டேங்கைத் தூக்கி கேஜை மாட்டினால் மறுபடி இரண்டு முள் தாறுமாறு. டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடுகள் முழுசாக இருந்தன. திருகு நகரவே இல்லை, முள் மட்டும் நகர்ந்திருக்கிறது! இதென்ன பேய் வேலை என்று கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இரண்டு திருகுகளில் கோடு மினுமினுத்தது. ரோஸ் நிறம், உள்ளே பொடிப் பொடியாக ஜிகினா. என் ஜென்மத்தில் நான் ஜிகினா பாலிஷ் வாங்கியதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். நாலில் ஒரு திருகை மட்டும் யாரும் தொடக்கூடாது, மற்ற மூன்றையும் அதை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். கம்பெனியே அதில் வெள்ளை பெயிண்ட் வைத்து அனுப்பும். அதை யாரும் தொடவில்லை. ஆக, தெரிந்த கை. வண்டி கெட்டுப்போகக் கூடாது, ஆனால் நடுங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிய கை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிரபு நாற்காலியில் இல்லை. வெளியே பார்க்கிங்கில் லேப்டாப்பை ஒரு கார் பானெட் மேல் வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு, எதிரே இல்லாத யாருக்கோ சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் பட்டை தொங்கியது. அதன் முனையில் ஆபீஸ் அட்டை இல்லை. வெறும் கொக்கி. முதல் நாளும் இல்லையோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

இந்த ஊரில் இருக்கிற நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். வேலை போயிருக்கிறது. விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அரசாங்கம் கொஞ்ச நாள் அவகாசம் தரும். அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இஸ்திரிச் சட்டையையும் டிபன் பையையும் பார்த்தால் வீட்டுக்குத் தெரியாது. உட்கார ஓர் இடத்துக்காக ஒருத்தன் தன் வண்டிக்குத் தானே ஜுரம் வரவைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இது கோமாளித்தனமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் அபார்ட்மென்டில் வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சும்மா நடமாடுவதற்காக, வாங்காத சாமானுக்குக் கடைகடையாகத் தள்ளுவண்டி தள்ளியிருக்கிறேன். போக ஓர் இடம் இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவன் உள்ளே வந்ததும் கூப்பிட்டு டார்ச்சைத் திருகின்மேல் அடித்தேன்.

"கலர் நல்லாருக்கு கண்ணு. வீட்டம்மாவுதா?"

அவன் திருகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். லிஃப்டைப் பிடித்துக்கொண்டான்.

"சாரிக்கா. எவ்ளோ ஆச்சோ பே பண்ணிடறேன். சாரிக்கா."

"காசை யாரு கேட்டா? எப்ப லேஆஃப்?"

"உங்ககிட்ட வந்ததுக்கு முந்தின வாரம்." குரல் இறங்கிவிட்டது. "லைப்ரரி போனா எங்க காம்ப்ளெக்ஸ் ஆளுங்க வர்றாங்கக்கா. காபி ஷாப்ல எவ்ளோ நேரம் உக்கார்றது? வீட்ல மாமனார் மாமியார் ஊர்லேந்து வந்திருக்காங்க, டெலிவரிக்கு. நித்யாவுக்கு இது எட்டாம் மாசம். பிபி இருக்கு. டென்ஷனே ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் எப்டிக்கா போய் சொல்றது?"

"சொல்லாம எத்தனை நாள் ஓட்டுவ?"

"ரெண்டு எடத்துல ஃபைனல் ரவுண்ட் போயிட்டிருக்கு. ஆஃபர் வந்ததும், கம்பெனி மாறிட்டேன்னு ஒரே வார்த்தையா சொல்லிடுவேன். அவளுக்குத் தெரியவே வேணாம்."

மறுபடி சிங்க் செய்து, ரோஸ் கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே என் மெரூன் கோட்டை இழுத்துவிட்டு, இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இனி திருகைத் தொட்டால் கையை உடைப்பேன், சும்மா வந்து உட்கார், நாற்காலி எங்கேயும் போகாது. இரண்டு, இன்றைக்கே வீட்டில் சொல். முதலாவதைக் கேட்டான். இரண்டாவதுக்கு "சொல்லிடறேன்க்கா" என்றான். மறுநாள் கேட்டால் "இன்னைக்கு". அதற்கு மறுநாள் கேட்டால் "மாமனாருக்குப் பொறந்தநாள்க்கா, நாளைக்கு". முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இழுத்துக் கொடுத்தார்.

ஃபைனல் ரவுண்டில் ஒன்று இல்லையென்று வந்தது. இன்னொன்றிலிருந்து பதிலே வரவில்லை. பிரபுவின் சட்டை மட்டும் தினமும் இஸ்திரியோடு வந்தது.

அவன் வெளியே இன்னொரு கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், கடைக்குள் ஒரு பெண் வந்தாள். எட்டு மாத வயிறு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், வளைகாப்பு முடிந்து அதிக நாள் ஆகியிருக்காது. வளையல் சத்தம் வராமலிருக்க ஒரு கையால் மறு கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். விரல் நகத்தில் ரோஸ் பாலிஷ், ஜிகினா. பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"நித்யாவா? உக்காரும்மா" என்றேன்.

அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக பார்க்கிங்கில் அவன் முதுகு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஃபோன்ல லொகேஷன் தினமும் இங்கதான்க்கா காட்டுது. எப்டி இருக்கார்னு ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அம்மாகிட்ட செக்கப்னு சொல்லிருக்கேன்."

"உனக்குத் தெரியுமா?"

"முந்தின செக்கப்புக்குப் போனப்பவே தெரியும். கம்பெனி இன்ஷூரன்ஸ் முடியப்போகுதுன்னு டெஸ்க்ல சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா நீ வாயைத் திறக்கலை?"

"எங்கப்பா வீட்ல இருக்கார்க்கா. மாப்ள கம்பெனி, மாப்ள கம்பெனின்னு ஊர் பூரா ஃபோன் போட்டுச் சொல்லிட்டிருக்கார். இவரா சொன்னாத்தான் இவருக்கு மரியாதை. நானா கேட்டா ஒடஞ்சு போயிடுவார். காலைல டிபனக் கையில வாங்கறப்ப ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்க. அதை எப்டிக்கா நான் கெடுக்கறது?"

பிறகு அவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவளுடைய அண்ணன் டெக்சாஸில், பேர்லேண்டில் இருக்கிறான். அவன் கம்பெனியில் பிரபு செய்கிற அதே வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், விசாவும் போட்டுக்கொள்வார்கள். வாராவாரம் பேசும்போது அண்ணன் சொன்னானாம்: "மாப்ள மாதிரி ஆள்தான் வேணும். அவர் எங்க இங்கல்லாம் வரப்போறாரு!" இவள் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்திருக்கிறாள். பிரபு வாய் திறக்கட்டும், உடனே சொல்லலாம் என்று காத்திருக்கிறாள்.

"இது எப்ப சொன்னான் உங்கண்ணன்?"

"கொஞ்ச நாள் ஆச்சுக்கா."

வெளியே அவன் பேச்சு முடிகிற மாதிரி தெரிந்ததும் அவசரமாக எழுந்தாள். "நான் வந்தத அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. ப்ளீஸ்." வளையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். கார் கிளம்புகிற சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

இங்கேதான் பிள்ளைகளே, நீங்கள் என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பது கடையின் விதி, அது நல்ல விதி. ஒரு பிள்ளைத்தாய்ச்சி கெஞ்சிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யோசிப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒத்திப்போட எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகம் கோணாமலிருக்க மற்றவர் திருகைத் திருப்பித் திருப்பி, வெளியே எல்லா முள்ளும் நேராக நின்றது.

கை துடைத்த துணியைப் போட்டுவிட்டு பார்க்கிங்குக்குப் போனேன். பிரபு இயர்போனைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நல்லாப் போச்சுக்கா. அடுத்த வாரம் சொல்றேன்னாங்க. வீட்ல அவ நிம்மதியா இருக்கா, அது ஒண்ணு போதும்க்கா எனக்கு."

"பிரபு, நித்யாவுக்குத் தெரியும்."

அவன் புரியாமல் சிரித்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாதே என்று அவள் கேட்டதையும் சேர்த்தே சொன்னேன். பார்க்கிங் ஓரச் சிமென்ட் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப தினமும் டிபன் கட்டிக் குடுத்தது?"

"தெரிஞ்சுதான் கட்டிருக்கா."

முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முழு ஆம்பளை, ஃப்ரீவேயில் போகிற வண்டிச் சத்தத்தையும் மீறி ஏங்கி ஏங்கி அழுதான். நான் பக்கத்தில் நின்றேன். "நித்யா அண்ணனுக்கு ஃபோன் போடு. இப்பவே வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன். வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டான். முதலாளி தன் காரில் கொண்டுபோய் விட்டார்.

இரண்டு நாள் நாற்காலி காலியாக இருந்தது. அப்புறம் வந்தான். சட்டையில் இஸ்திரி இல்லை.

"ரெண்டு பேரும் பேசிட்டோம்க்கா. ரொம்ப நேரம் பேசினோம். மாமனார் தோள்ல கை வெச்சார், அவ்ளோதான்." நாற்காலியில் உட்கார்ந்தான். "மச்சானுக்கு ஃபோன் பண்ணோம். கதறிட்டார். அந்த வேலைக்குப் போன வாரம்தான் ஆள் எடுத்தாங்களாம். உங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நிறுத்தி வெச்சிருப்பேனேன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றார்."

போன வாரம். தக்காளி சாதத்தை இங்கே பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த போன வாரம். எனக்கு அந்த அண்ணன் மேல் கோபம், இவர்கள் இருவர் மேலும் கோபம், நம் ஆட்களின் இந்தப் பாழாய்ப்போன பாசத்தின் மேல் கோபம். யாரைத் திட்டுவது? ஒருத்தரும் கெட்டவர் இல்லையே.

கடைசியாக இருந்த கம்பெனியும் இல்லையென்றுவிட்டது. எட்டாம் மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். டாக்டர் அரைமனதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, நித்யாவைப் பெற்றோரோடு முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டு, பிரபு வீட்டைக் காலி செய்ய நின்றான். பிள்ளை பிறந்தபோது அவன் இங்கே சோபா விற்றுக்கொண்டிருந்தான். வாட்சப் குழுவில் எல்லாம் வந்தது: கட்டில், மிக்சி, டிவி, கிரைண்டர். நம் ஆட்கள் கிளம்பும்போது வழக்கமாக வரும் அதே வரிசை. கடைசியில் வண்டி. 'சமீபத்தில் சிங்க் செய்தது, ஐடில் மிக ஸ்மூத்' என்று எழுதியிருந்தான். பொய் இல்லை.

வாங்க வந்த பையன் வண்டியை என்னிடமே கொண்டுவந்தான். அவனும் தமிழ்ப் பையன், இந்த ஊருக்குப் புதுசு. "நம்மாளுதான் விக்கறாரு, இருந்தாலும் ஒரு தடவ பாத்துடுங்க ஆன்ட்டி" என்றான். ஆன்ட்டி என்றதற்குச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. டேங்கைத் தூக்கினேன். என் மெரூன் கோடும், அவளுடைய ரோஸ் கோடும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருந்தன. கேஜை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். நாலு முள்ளும் ஒரே கோட்டில் நின்றன. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேராக நின்ற முள்ளை நான் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன்.

"சூப்பரா இருக்குல்ல ஆன்ட்டி?"

"ஒரு குறையும் இல்ல கண்ணு. வாங்கிக்கோ."

பையனுக்கு முகமெல்லாம் பல். வண்டியைத் தடவிக்கொடுத்தான். பிறகு ஏதோ நினைவு வந்த மாதிரி கேட்டான். "இவ்ளோ நல்லா ஓடுதே, அவரு ஏன் ஆன்ட்டி விக்கறாரு? என்ன ப்ராப்ளம் வந்துச்சு?"

கேஜ் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.

"சத்தமே வரலை கண்ணு. அதான் ப்ராப்ளம்."